‘இது எங்க காலத்துலயே வந்தாச்சு’: வீட்டில் பாட்டு பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டுக்காட்ட ஆசையாக வந்தான். இருபது நொடிகூட ஓடியிருக்காது, நண்பர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “இந்த ட்யூன் எங்க காலத்துலயே வந்தாச்சுடா. ஒரிஜினலைக் கேக்கிறியா?” என்று தன் போனை எடுத்தார். பையன் நின்று கேட்டான். முடிந்ததும் “நல்லா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நண்பருக்கு மகிழ்ச்சி. எனக்கு மனசு கனத்துவிட்டது. சில வருடங்களுக்கு முன்னால் அதே இடத்தில் அப்பாவாக நின்றது நான்.

என் அம்மா, நான், என் மகள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு மாற்றிக்கொள்ளத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. ஆளுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். நடுவில் ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. அது என்னால் விழுந்தது. கேலி செய்யாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நல்ல மனசோடு உட்காருகிறவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரே மூச்சில் நாற்பது பாட்டு அனுப்புவது

ஒன்றையும் முழுதாகக் கேட்க மாட்டார்கள். ஒன்று அனுப்புங்கள்.

போன் ஸ்பீக்கரில் போட்டுக்காட்டுவது

இளையவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. இன்றைய ராப், எலெக்ட்ரானிக் பாட்டுகள் பலவற்றின் உயிர் அடிமட்ட பாஸில் இருக்கிறது. 1980இல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 என்ற டிரம் மெஷினின் (டிரம் சத்தத்தை மின்னணுவில் உருவாக்கும் கருவி) பாஸ் டிரம், 50 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணை ஒட்டி ஒலிப்பது. ஒரு திருகைத் திருப்பினால் ‘டும்’ என்ற அடி நீண்டு இழுபடும். அந்த இழுப்புதான் பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினாலே திணறும். ஆக, பேத்தி போட்டுக்காட்டும் பாட்டில் பாதி பாட்டியின் காதுக்கு வந்து சேர்வதே இல்லை. மிஞ்சுவது டிக்டிக் சத்தமும் வேகமான பேச்சும்தான். “என்னம்மா இது, பாட்டே இல்லையே” என்று பாட்டி சொன்னால், அவர் கேட்ட அளவில் அது உண்மை.

இதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. வயதாக ஆக முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். ‘ச’, ‘ஸ’, ‘ஃப’ போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. வரிகள் புரியவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். சத்தத்தைக் கூட்டுவதாலும் பெரிய பயன் இல்லை. கேட்கிற ஒலிகள்தான் இன்னும் காதை அடைக்கும். காதை முழுக்க மூடும் ஒரு நல்ல ஹெட்போனும், பக்கத்தில் திறந்து வைத்த பாடல் வரிகளும் போதும்.

ஆளுக்கொரு காதில் இயர்போன்

பார்க்க அழகான காட்சி. ஆனால் பழைய பாட்டு என்றால் கவனம் தேவை. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாகக் கடைக்கு வந்தது 1958 வாக்கில். அதற்கு அடுத்த பத்து வருடப் பதிவுகள் பலவற்றில் குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமும் முழுதாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். இடது காது உங்களுக்கு, வலது காது பேரனுக்கு என்று பிரித்துக்கொண்டால் நீங்கள் குரலில் உருகிக்கொண்டிருப்பீர்கள், அவன் டிரம்ஸை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான். போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் இரண்டு காதுக்கும் முழுப் பாட்டு வரும்.

“இது எங்க காலத்துலயே வந்தாச்சு”

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு ராப் பாட்டு கொண்டுவந்தாள். நான்காவது நொடியில் ஒரு பாஸ் கிட்டார் வரி வந்தது. என்னிடம் இருக்கும் பழைய ஃபங்க் ரெக்கார்டு ஒன்றின் வரி. சின்ன வயதில் ஊசி தேயத் தேயக் கேட்டது. எனக்கு உடனே கண்டுபிடித்த பெருமை. “நிறுத்து நிறுத்து, இது எங்க காலத்துப் பாட்டு. அப்படியே எடுத்து வச்சிருக்காங்க. இது திருட்டு” என்றேன். அதோடு விடவில்லை. அவள் பாட்டை நிறுத்திவிட்டு என் ரெக்கார்டை எடுத்துப் போட்டேன். ஆறு நிமிடப் பாட்டு, முழுதாகக் கேட்க வைத்தேன்.

“சரிப்பா” என்றாள். போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த முறை உட்காரும்போது பாட்டு எதுவும் கொண்டுவரவில்லை. அதற்கு அடுத்த முறை, வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். அப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடம் ஹெட்போனுக்குள்ளேயே இருந்தாள்.

நான் சொன்ன தகவல் சரி. அந்த வரி அந்த ரெக்கார்டிலிருந்து எடுத்ததுதான். அதனால்தான் இந்தத் தவறை உணர எனக்கு அவ்வளவு நாள் ஆனது.

இரண்டு வருடம் என்பது சின்ன இழப்பு மாதிரி தெரியலாம். நாற்பது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவை அளவுக்கு அதிகமாக வந்து குவியும் என்பதை உளவியல் ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. பாட்டுக்கும் அப்படித்தான். பதின்வயதில் காதில் விழுந்தது கடைசிவரை கூட வரும். என் மகள் எழுபது வயதில் முணுமுணுக்கப்போகும் பாட்டுகளில் பலவற்றை அந்த இரண்டு வருடத்தில்தான் கேட்டிருப்பாள். அவை எவை என்று எனக்குத் தெரியாது. முதல் தடவை கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்றும் தெரியாது. இப்போது கேட்டால் பட்டியல் சொல்வாள். அந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்கு அது ஈடாகுமா?

‘திருட்டு’ என்ற சொல்லையும் நான் தெரியாமல்தான் சொன்னேன். ராப் அடங்கிய ஹிப்ஹாப் இசை பிறந்த கதையே பழைய ரெக்கார்டுகளின் மேல் நிற்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தன் தங்கை நடத்திய விருந்தில் டிஜே கூல் ஹெர்க் பாட்டு போட்டார். அவர் கையாண்ட முறை, ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, எல்லோரும் ஆட எழும் அந்தச் சில நொடி டிரம்ஸை மாற்றி மாற்றி நீட்டிப்பது. பிறகு சாம்பிளர்கள் வந்தன. பழைய பதிவிலிருந்து ஒரு துண்டு ஒலியை (அதுதான் சாம்பிள்) எடுத்து வைத்துக்கொண்டு திரும்ப ஒலிக்க வைக்கும் கருவிகள் அவை. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிளரில் மொத்தமே 10 நொடி ஒலியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இடம் மிச்சமாக வேண்டும் என்று நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய ரெக்கார்டை 45இல் ஓட்டிப் பதிந்து, அப்புறம் மெஷினுக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். அந்தக் காலத்து ராப் பாட்டுகளில் வரும் சொரசொரப்புக்கு இதுவும் ஒரு காரணம். இப்படி வேலை செய்கிறவர் அந்தப் பழைய ரெக்கார்டை என்னைவிட நெருக்கமாகக் கேட்டிருப்பார். எந்த இரண்டு நொடி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே.

பணத்தைப் பொறுத்தவரை, 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அனுமதி இல்லாத சாம்பிளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் அனுமதி வாங்கி, மூலப் பாட்டை எழுதியவரின் பெயரையும் சேர்த்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஏமாந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கப் பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சுமார் 6 நொடி டிரம்ஸ், ஆயிரக்கணக்கான பாட்டுகளில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று இசை வகைகளே அதிலிருந்து கிளைத்தன. அதற்காக ஒரு காசும் பெறாமல் அவர் 2006இல் இறந்துபோனார். இதைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசலாம், கட்டாயம் பேச வேண்டும். பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்த பாட்டின் நான்காவது நொடி அதற்கான நேரம் இல்லை.

கதவைத் திரும்பத் திறந்தது என் அம்மா. ஒருநாள் பேத்தியின் ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். முழுப் பாட்டையும் கேட்டார். “இன்னொரு தடவை போடு கண்ணு” என்றார். இரண்டாவது தடவையும் முடிந்த பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி: “அடியில ‘டும்’னு இழுக்குதே, அது என்ன வாத்தியம்?” மகள் அரை மணி நேரம் விளக்கினாள். டிரம் மெஷின் என்றாள், 808 என்றாள், அதை மனிதர் யாரும் அடிக்கவில்லை என்றாள். நான் வாசல்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மா, “இதுல வர்ற கிட்டார் மாதிரியே உங்கப்பாகிட்ட ரெக்கார்டு ஒண்ணு இருந்துச்சு” என்றார். “தெரியும் பாட்டி, அதிலிருந்துதான் எடுத்திருக்காங்க” என்றாள் மகள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவளாகவே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

இப்போது நான் செய்வது இதுதான். தெரிந்த வரி வந்தால் வாயைத் திறப்பதில்லை. பாட்டு முடியட்டும். அன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுவேன். என் பழைய ரெக்கார்டு அடுத்த முறைக்கு. அதையும் ‘ஒரிஜினல்’ என்று அறிமுகம் செய்ய மாட்டேன். எதுவும் சொல்லாமல் போடுவேன். நான்காவது நொடியில் அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

இதே தவறை இளையவர்களும் செய்கிறார்கள். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் பாட்டுக்கு நடுவில் “இது அந்த ராப் பாட்டுல வர்ற பீட்தானே” என்று குறுக்கே பாய்வதும் இதேதான்.

மிகப் பெரிய படைப்பிலிருந்து தொடங்குவது

ஜாஸ் அறிமுகம் செய்கிறேன் என்று இருபது நிமிடப் பாட்டு, ராகம் புரிய வைக்கிறேன் என்று ஒரு மணி நேர ஆலாபனை. நமக்கு அது உச்சம், புதியவருக்கு மூச்சுமுட்டல். 10 அங்குல 78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் இடம். 1948இல் எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்து ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும்வரை, பெரிய கலைஞர்கள் எல்லோரும் அந்த 3 நிமிடத்துக்குள் தங்கள் வித்தையைச் சுருக்கிக் கொடுத்தார்கள். எந்த வகை இசைக்கும் இப்படிச் சின்னச் சின்னப் பதிவுகள் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள். பழைய பதிவின் கரகரப்பைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே தடவை கேட்டு முடிவு சொல்வது

உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அர்த்தமில்லாத சொற்கள், புரியாத எழுத்துகள், முன்பின் பார்க்காத முகங்கள் என்று எதைக் காட்டினாலும், அடிக்கடி பார்த்ததையே மக்கள் கூடுதலாக விரும்பினார்கள். புது வகை இசையில் இது எனக்கே நன்றாகத் தெரிகிறது. முதல் தடவை அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரியாது, அதனால் எல்லாம் இரைச்சல் போல இருக்கும். மூன்றாவது தடவைக்குள் எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்று பிடிபட்டுவிடும். எங்கள் வீட்டில் வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை கேட்ட பிறகுதான் கருத்து. மூன்றாவதிலும் எரிச்சல்தான் வருகிறது என்றால் விட்டுவிடலாம். எனக்கு இன்னும் டெத் மெட்டல் பிடிக்கவில்லை, மகளுக்கு அது தெரியும்.

பழையதையும் புதியதையும் வேறு வேறு சத்தத்தில் ஒப்பிடுவது

சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நன்றாக இருப்பது போலத் தெரியும். 1990களிலிருந்து பதிவுகளின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். 1980களின் சிடி அதற்குப் பக்கத்தில் சோர்ந்து கிடக்கும். கையால் சமப்படுத்திவிட்டுப் போடுங்கள்.

பாட்டு ஓடும்போது “இப்ப வரும் பாரு” என்று சொல்வது

சொல்லாதீர்கள்.

பாட்டுச் செயலியில் ஒரே கணக்கில் எல்லோரும் கேட்பது

செயலியின் பரிந்துரைகள் குழம்பிவிடும், ஒருவருக்கும் உதவாது. தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவரே எப்போதும் முதலில் போடுவது

நாங்கள் வயதில் சிறியவரிலிருந்து தொடங்குகிறோம். என் அம்மாவின் முறை கடைசியில் வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை நண்பரும் அவர் மகனும் வருகிறார்கள். முதல் பாட்டு பையனுடையது.