தோள் இறுகிவிட்டதா? முறுக்காதீர்கள், பொறுமையாகப் பழக்குங்கள்

தலை சீவக் கை எழும்பாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முதுகுக்குப் போகாது, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போச்சு. தோள் இப்படி இறுகிப்போவதைத்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். இது பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வரும், சுகர் இருப்பவர்களுக்கு அதிகம். தோள்மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடுவதால், நீங்களே தூக்கினாலும் இன்னொருவர் தூக்கிவிட்டாலும் கை ஒரே இடத்தில் நின்றுவிடும். விழுந்து அடிபட்டோ காய்ச்சலோடோ வந்த வலி என்றால் கதை வேறு, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆரம்ப மாதங்களில் வலிதான் பெரிசு. அப்போது யாரையாவது பிடித்து இழுத்துவிடச் சொல்வது வேண்டவே வேண்டாம், வலி இன்னும் கூடும். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல அசைத்தால் கை ஊசல் மாதிரி தானாக ஆடும். ஒரு நிமிடம், தினம் மூன்று நான்கு தடவை, அது போதும். 1934-ல் இந்த நோய்க்குப் பெயர் வைத்த அமெரிக்க மருத்துவர் காட்மேன் பெயரில்தான் இந்தப் பயிற்சியும் இருக்கிறது.

வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு நீட்டும் பயிற்சிகள். முதலில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் (சுகரால் மரத்துப்போன தோல் என்றால் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும்). அப்புறம் மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கம் தள்ளி 20 நொடி நிறுத்துங்கள். கை வெளிப்பக்கம் திரும்புவதுதான் அதிகம் குறைகிறது, ஆனால் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அடுத்து சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றுவது. என் அம்மா சமையலறைச் சுவரில் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார், சில வாரம் ஒரு விரற்கடைகூட ஏறாது, அதற்காக விட்டுவிடவில்லை. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேலே இழுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: வலி கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். முழுக்கத் தளர ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். ஆரம்பத்திலேயே வலி தாங்கவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள், பிசியோதெரபி பயிற்சிகள் செய்ய அது நல்ல துணை. போட்ட பிறகு சில நாள் சுகர் ஏறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.