ஏஎல்டி நொதி குறைவாக இருக்கும்போது துல்லியமாக அளப்பது எப்படி?

ஏஎல்டி என்பது கல்லீரலில் நிறைய இருக்கும் ஒரு நொதி. சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) ஏஎல்டி நூற்றுக்கணக்கில் இருந்தால் சின்னத் தவறு முடிவைப் பெரிதாக மாற்றாது. லிட்டருக்கு 10 யூனிட் அளவில் இருக்கும்போது அதே தவறு முடிவையே புரட்டிவிடும்.

ஏஎல்டி, அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பைருவேட்டை உண்டாக்கும். ரீஏஜென்ட்டில் (சோதனைக் கரைசலில்) உள்ள எல்டிஎச் என்ற இன்னொரு நொதி அதை லாக்டேட்டாக மாற்றும்போது, 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் என்ஏடிஎச் என்ற பொருள் செலவாகும். அந்த ஒளி உறிஞ்சல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைத்தான் நாம் அளக்கிறோம்.

முதலில் ரத்தம். ப்ளெயின் ட்யூபில் (உறைதலைத் தடுக்கும் மருந்து இல்லாத குழாயில்) எடுத்து 30 நிமிடம் உறையவிட்டு, 1,500 ஜி விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். சீரம் சிவந்திருந்தால் மறுபடி ரத்தம் எடுங்கள். சிவப்பணுக்கள் உடைந்ததன் அடையாளம் அது, அவற்றுக்குள் ஏஎல்டி பல மடங்கு அதிகம். மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்க வேண்டாம், நொதி செயலிழக்கும்.

கியூவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு கலத்தில்) அலனின், என்ஏடிஎச், எல்டிஎச் உள்ள முதல் ரீஏஜென்ட் 800 மைக்ரோலிட்டர், சீரம் 100 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். இந்த நேரத்தைச் சுருக்கவே கூடாது: ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் பைருவேட் இப்போதே தீர வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் ஏஎல்டி கணக்கில் ஏறும். முடிந்தால் பிரிடாக்சல் பாஸ்பேட் (ஏஎல்டி வேலை செய்யத் தேவையான வைட்டமின் பி6 வடிவம்) கலந்த ரீஏஜென்ட்டையே வாங்குங்கள். வைட்டமின் பி6 குறைந்தவர்களுக்கு அது இல்லாமல் அளவு பொய்யாகக் குறையும்.

அடுத்து ஆக்சோகுளூட்டரேட் உள்ள இரண்டாம் ரீஏஜென்ட் 200 மைக்ரோலிட்டர் சேர்த்துக் கலக்குங்கள்; ஏஎல்டி வினை இதோடுதான் தொடங்கும். முதல் நிமிடத்தை விட்டுவிட்டு, அடுத்த 5 நிமிடமும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி உறிஞ்சலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1 சென்டிமீட்டர் கியூவெட்டில், நிமிடத்துக்கு ஏற்படும் குறைவை 1768 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று கிடைக்கும். 10 யூனிட்டுக்கு அந்தக் குறைவு வெறும் 0.0057. கருவி 0.001 தடுமாறினாலே 1.8 யூனிட் பிழை! ஒரே நிமிட அளவீட்டை நம்பக் கூடாது என்பது இதனால்தான். 5 நிமிடக் குறைவை ஐந்தால் வகுத்தால் அதே தடுமாற்றம் சுமார் 0.35 யூனிட்டாகச் சுருங்கும்.

பிளாங்க்கை (சீரம் இல்லாத ஒப்பீட்டு அளவீட்டை) மறக்காதீர்கள். சீரத்துக்குப் பதில் சலைன் (உப்பு நீர்) வைத்து இதே வரிசையில் ஓட்டி, அதில் வரும் குறைவைக் கழியுங்கள். என்ஏடிஎச் தானாகவும் சிதையும். பெரிய அளவுகளில் கண்ணில் படாத அந்தக் கசிவு, இங்கே முடிவில் பாதியாகவே நிற்கலாம்.

இன்னும் சந்தேகமா? சீரத்தை 200 மைக்ரோலிட்டராக்கிப் பாருங்கள். பெருக்கும் எண் இப்போது 965. பிளாங்க் கழித்த குறைவு ஏறக்குறைய 1.8 மடங்காக உயர்ந்தால் உங்கள் அளவீடு சரி. உயராவிட்டால் பிளாங்க்கையும் பிப்பெட்டையும் முதலில் சோதியுங்கள்.