துலக்க உப்பு, துடைக்கத் துணி

பினாங்கில் அடுக்களை உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கசியத் தொடங்கும். கடல் சூழ்ந்த இத்தீவில் அந்த அளவைத் தாண்டாத நாளைக் காண்பது அரிது. எனவே உப்பைக் கொண்டு எதைத் துலக்கினாலும், தேய்ப்பதைவிட அதன் சுவடே இல்லாமல் கழுவி, ஈரம் போகத் துடைப்பதுதான் பெரிய வேலை.

உப்பின் முழுத் திறமையும் வெளிப்படுவது பித்தளையிலும் செம்பிலும்தான். குத்துவிளக்கை எடுத்துக்கொள்வோம். திரி எரியும் முகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு கருகிப் படிந்திருக்கும். அதன்மேல் புளியைத் தேய்த்தால் புளிப்பு உலோகத்தைத் தொடாது என்பதால், முதலில் வெந்நீரும் சோப்பும் கொண்டு பிசுக்கைப் போக்கிவிட வேண்டும். பிறகு எலுமிச்சை அளவு புளியைச் சிறிது வெந்நீரில் ஊற வைத்து, கொட்டையும் கோதும் நீக்கி, ஒரு தேக்கரண்டி தூள் உப்பைச் சேர்த்துப் பிசைந்து, விரலால் வட்டமாகத் தேய்க்கவும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது, உப்பு அந்த வேலையை விரைவுபடுத்துவதோடு மணலைப் போல உராய்ந்தும் கொடுக்கிறது. கறுத்த விளக்கு கைபட்ட இடமெல்லாம் மஞ்சளாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நன்றாக மின்னட்டும் என்று அப்படியே ஊற விட்டுவிடாதீர்கள். துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மேலே தெரிய, ஆங்காங்கே சிவப்புத் திட்டுகள் விழும். ஐந்து நிமிடத்துக்குள் கழுவி, பருத்தித் துணியால் துடைத்து, இடுக்குகள் காய மின்விசிறியின் கீழ் வைப்பது என் வழக்கம். லிட்டில் இந்தியாக் கடைகளில் மேற்பூச்சு பூசிய விளக்கு வாங்கியிருந்தால் இம்முறை வேண்டாம், பூச்சு திட்டுத் திட்டாக உரிந்துவிடும்.

இரும்புக் குவாலியில் (வாணலியில்) சம்பால் என்னும் மிளகாய் விழுது ஒட்டிக்கொண்டால், மூன்று மேசைக்கரண்டி கல் உப்பைப் போட்டுச் சிறு தீயில் சூடாக்கி, தீயை அணைத்தபின் மடித்த தடித்த துணியால் தேய்க்க வேண்டும். உப்பு இரும்பைவிட மென்மையானதால் குவாலியில் கீறல் விழாது. உப்பைக் கொட்டிவிட்டு அலசி, அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டி, ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள்.

பெலாச்சான் எனும் இறால் விழுதை இடித்த அம்மியின் கொத்துப் பள்ளங்களிலும், மீன் அரிந்த மரப்பலகையிலும் வாடை தங்கிவிடும். கல் உப்பைத் தூவி, பாதி எலுமிச்சையால் அழுத்தித் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் வாடை பெரிதும் குறையும். ஆனால் பச்சைக் கோழி வெட்டிய பலகைக்கு உப்பு மட்டும் போதாது. சோப்பும் வெந்நீரும் கட்டாயம். தரையில் உடைந்த முட்டைமீது உப்பைத் தூவிச் சற்று விட்டால் இறுகி எளிதில் அள்ள வரும்.

இனி, கூடாதவை. அடிபிடித்த எவர்சில்வர் பானையொன்றை உப்பு நீரில் இரவு முழுவதும் ஊற வைத்தேன். காலையில் அடியில் குண்டூசி முனை அளவுக் குழிகள் விழுந்திருந்தன. அந்த உலோகத்தின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை உப்பு ஊடுருவியதே காரணம், பானையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒட்டாத பூச்சுள்ள சட்டியை உப்பால் தேய்க்காதீர்கள். சலவைக்கல்மேல் எலுமிச்சையும் புளியும் பட்டால் மெருகு போகும். எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பை எந்தக் காரணத்துக்காகவும் வெளுப்பானோடு (பிளீச்) கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சுத் திணறும். துணியின் சாயம் போகாமலிருக்க உப்பு நீரில் ஊற வைப்பார்கள், நானும் வைத்திருக்கிறேன். சாயமேற்றும் வேளையில்தான் உப்புக்கு வேலை, கடையில் வாங்கிய துணிக்கு அது உதவாது.

தேய்த்து முடித்த உப்பு நீரைக் குழியில் ஊற்றி, மேலே நிறையத் தண்ணீர் விடுங்கள். வாசல் கறிவேப்பிலைச் செடித் தொட்டியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், வேர் கருகிவிடும்.