தோட்டத்து வரைபடத்தைத் திட்ட ஆட்சேபத்துக்குத் தயார் செய்வது எப்படி

எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பார்வைக்கு வந்ததும் ஆட்சேபம் எழுத, மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் குறைந்தது 4 வாரம் தருகிறது. வரைவு வந்த பிறகு டேப்பைத் தூக்கிக்கொண்டு அளக்கக் கிளம்பினால் வேலைக்கு ஆகாது. லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, கால்வாய் எல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் முன்பே ஏறியிருக்க வேண்டும். 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தை யாரும் திருத்தலாம்.

கைப்பேசியில் ஜிபிஎஸ் தடத்தைப் பதிந்தபடி நடங்கள். செம்பனை மட்டைக்கு அடியில் புள்ளி பல மீட்டர் தள்ளிப்போகும். முச்சந்தி, பாலம் மாதிரித் திறந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று எடுங்கள். செயற்கைக்கோள் படமும் நகர்ந்திருக்கலாம், தடத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டுக் கோடு போடுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து வரையவே கூடாது. உரிமம் இடம் தராது, கண்டால் அழித்துவிடுவார்கள்.

வெள்ளத்துக்குக் காரணம் பெரும்பாலும் சாலைக்கு அடியில் போகும் சின்னக் குழாய்தான், ஆனால் அதைத்தான் யாரும் குறிப்பதில்லை. விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள்: 60 செ.மீ. குழாய்க்கு 600. வெறும் 60 என்று போட்டால் தண்ணீர்க் குழாய் ஆகிவிடும்!

வரைபடத்தில் இடத்துக்குப் பெயர் எழுதும்போது, பலகையில் உள்ள மலாய்ப் பெயர் முதன்மைக் கட்டத்துக்கு. தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. குடியிருப்பவர் பெயர் வேண்டாம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் சொந்தக் குறிகள் போட உதவும் யூமேப் தளத்தில் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எண் போட்டு, ஏ3 தாளில் அச்செடுங்கள். 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற வரியும் தேதியும் ஓரத்தில் இருக்கட்டும். நில எல்லைக்கு மட்டும் இது செல்லாது. அதற்கு நில அலுவலக ஆவணத்தையே இணையுங்கள்.