காய்ச்சல் வந்தால்கூட யாரிடமும் சொல்லாதவர்களுக்கு

உடம்பு அனலாகக் கொதிக்கும்போதும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல், தானே மாத்திரை போட்டுக்கொண்டு போர்த்திப் படுக்கிற ஆள் என்றால், அதுவும் சின்ன வயதில் அம்மாவின் அரவணைப்பு கிடைக்காமல் வளர்ந்தவர் என்றால், இது உங்களுக்குத்தான்.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். எனக்கு நாலு வயதிருக்கும்போது அம்மாவும் அப்பாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள், ஆயாதான் வளர்த்தது. பொங்கலுக்கு வரும் அம்மா, நான் அழுவேன் என்று விடியற்காலையில் தூங்கும்போதே கிளம்பிவிடும். எழுந்து பார்த்தால் பக்கத்தில் பாய் சுருட்டி வைத்திருக்கும். முப்பது வயதுக்கு மேலும் கணவர் ஒரு போனை எடுக்காவிட்டால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்தப் பாயால்தான் என்று புரிய ரொம்ப நாளானது.

முதலில், குறை இருந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள். "சோத்துக்கும் துணிக்கும் குறை வெச்சாங்களா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வைக்கவில்லைதான். ஆனால் 1951-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, அம்மாவோ அம்மா இடத்தில் நிலையாக இருக்கிற ஒருவரோ தரும் விட்டுப்போகாத அன்பு பிள்ளையின் மனநலத்துக்கு அவசியம் என்று சொல்லிவிட்டார். அடி வாங்கியதைச் சொல்வது சுலபம், கிடைக்காததைச் சொல்ல வார்த்தை வராது, அதனால் ஒரு நோட்டில் எழுதுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

அப்புறம், கேட்கப் பழகுங்கள். இதுதான் கஷ்டம். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் "கொஞ்சம் கஞ்சி வெச்சுத் தர்றியா?" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள், கொண்டுவந்து கொடுத்தால் "எதுக்கு உனக்குச் சிரமம்" என்று ஆரம்பிக்காமல் சூடாகக் குடியுங்கள். நான் முதல்முறை கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது. தனியாக இருக்கிற நாளிலும் நின்றுகொண்டே எதையோ வாயில் போடாமல், ஒருவாய் களி என்றாலும் கீரைக் கடைசலோடு தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அம்மா வந்து மன்னிப்புக் கேட்கும் என்று காத்திருக்காதீர்கள். என் அம்மாவுக்கும் அப்படி யாரும் செய்ததில்லை. இப்போது போனில் "சாப்டியா?" என்று கேட்டால் அதை வாங்கிக்கொள்கிறேன். உங்கள் அம்மா இன்னமும் புண்படுத்துகிறவர் என்றால் தள்ளியே இருங்கள், "பெத்தவ ஆச்சே" என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள்.

தூக்கம் போய்விட்டது, வாழவே பிடிக்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசு சேவை, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எங்கள் பக்கத்துக்காரர் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல டாக்டரைக் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

உங்களுக்குப் பிள்ளை இருந்து, விட்டுவிட்டு வெளியூர் போகவேண்டி வந்தால், எழுப்புங்கள். எந்த நாள் வருவீர்கள் என்று சொல்லுங்கள். அழும், அழட்டும், மடியில் வைத்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம்.