எல்இடி எரியலையா? டிரான்சிஸ்டரை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வயர் எடுங்க

போன வாரம் ராத்திரி பத்து மணி இருக்கும், எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஹாஸ்டல்ல இருந்து அக்கா பையன் போன் பண்றான், "மாமா எல்இடி எரியுது ஆனா ரூம் லைட்டை அணைச்சா தான் தெரியுது, மூணு டிரான்சிஸ்டர் மாத்திட்டேன், புரோகிராம் கோடும் ரெண்டு தடவை திருப்பி எழுதிட்டேன்"னு. மீட்டர் வச்சு பாத்தியாடான்னு கேட்டேன், இல்லையாம். பெங்களூர்ல நம்ம பசங்க நிறைய பேர் இப்படித்தான், எரியலன்னா உடனே மெட்ரோ ஏறி மார்க்கெட்ல இறங்கி எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் இன்னும் பத்து டிரான்சிஸ்டர் வாங்கிட்டு வந்துடறாங்க, அரை நாள் போச்சு. ஒரு ஜம்பர் வயரும் சாதாரண மல்டிமீட்டரும் இருந்தா கோளாறு எந்தப் பக்கம்னு ரெண்டு நிமிஷத்துல பிரிச்சிடலாம்.

முதல்ல சர்க்யூட் எப்படி இருக்கணும்னு பாத்துக்கோங்க. 5 வோல்ட்ல இருந்து 220 ஓம் ரெசிஸ்டர், அதுக்கப்புறம் எல்இடி, எல்இடியோட குட்டைக் கால் என்பிஎன் டிரான்சிஸ்டரோட கலெக்டருக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு (மைனஸ்), பேஸ்ல இருந்து 1கே (1000 ஓம்) ரெசிஸ்டர் வழியா அர்டுயினோ (நம்ம கோடு ஓடற குட்டி போர்டு) பின்னுக்கு. டிரான்சிஸ்டர் இங்க ஒரு சுவிட்ச் மாதிரி, பேஸுக்கு கொஞ்சம் கரண்ட் போனா கலெக்டர்ல இருந்து எமிட்டருக்கு வழி திறக்கும். எல்இடியை எமிட்டர் பக்கம் மாட்டியிருந்தா அதை மாத்திடுங்க, அங்க பேஸ் வோல்டேஜ்ல 0.7 குறைச்சுத்தான் எல்இடிக்கு கிடைக்கும், இஎஸ்பி32 மாதிரி 3.3 வோல்ட் போர்டுன்னா 2.6 தான் மிஞ்சும், வெள்ளை எல்இடி சரியாவே எரியாது.

இப்ப வயரை எடுங்க. கலெக்டரையும் எமிட்டரையும் வயரால தொட்டு இணைங்க, டிரான்சிஸ்டர் இல்லாத மாதிரி ஆயிடும், எல்இடி பளிச்சுன்னு எரியணும். எரியலையா, அப்ப டிரான்சிஸ்டரையும் கோடையும் மறந்துடுங்க, கோளாறு எல்இடி பக்கம், ஒண்ணு திருப்பி மாட்டியிருப்பீங்க இல்லன்னா அது போயிருக்கும். அதுவும் இல்லன்னா பிரட்போர்டு (சால்டர் இல்லாம வயரைக் குத்தி இணைக்கற ஓட்டை போர்டு), நீளமான போர்டுல ஓரத்துல போற சிவப்பு நீல லைன் சிலதுல நடுவுல கட் ஆகி இருக்கும், பாதி போர்டுக்கு கரண்டே வராது, இதுல நானே ஒரு முழு ஞாயித்துக்கிழமையை விட்டிருக்கேன்.

எரிஞ்சுதுன்னா அடுத்தது. 1கே ரெசிஸ்டரோட பின் பக்க முனையை மட்டும் பின்ல இருந்து எடுத்து 5 வோல்ட்ல குத்துங்க, ரெசிஸ்டர் கண்டிப்பா நடுவுல இருக்கணும், பேஸை நேரா 5 வோல்ட்ல வச்சா டிரான்சிஸ்டர் அங்கேயே போயிடும். இப்ப எல்இடி நல்லா எரிஞ்சா சர்க்யூட் சுத்தமா சரி, கோடைப் பாருங்க, பின் நம்பர் தப்பா இருக்கும், இல்ல பின்மோட் அவுட்புட்னு எழுத மறந்திருப்பீங்க. எரியலன்னாலோ மங்கலா எரிஞ்சாலோ டிரான்சிஸ்டரைச் சுத்தித்தான் விஷயம், அதுக்குத்தான் மீட்டர்.

பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல 0.7 வோல்ட் கிட்ட காட்டணும். பூஜ்யம்னா பேஸுக்கு கரண்டே வரல, ரெசிஸ்டர் கால் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க. 2, 3, 5ன்னு ஏறிப் போனா உள்ள பேஸ் எமிட்டர் ஜங்ஷன் (ரெண்டும் சேர்ற இடம்) அறுந்துடுச்சு, இல்ல நீங்க வேற காலைத் தொடறீங்க. அப்புறம் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவுல, ஆன்ல இருக்கறப்ப 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 1, 2ன்னு நடுவுல நின்னா டிரான்சிஸ்டர் முழுசா திறக்கல. ஆஃப்ல இருக்கறப்ப 5 காட்டாம மூணரை மாதிரி காட்டினா பதறாதீங்க, எல்இடி வழியா வர்றதால அப்படித்தான்.

நம்ம பையனுக்கு இந்த இடத்துல தான் பிடிபட்டது. அவன் கேட்டது பிசி547, கடையில கொடுத்தது 2என்3904, ரெண்டும் என்பிஎன் டிரான்சிஸ்டர் தான், "எல்லா ஒந்தே சார்"னு (எல்லாம் ஒண்ணு தான்னு) கன்னடத்துல சொல்லியிருக்காங்க. வேலை ஒண்ணு தான், கால் ஒண்ணு இல்ல! தட்டை முகத்தை நம்ம பக்கம் வச்சு காலைக் கீழ பாத்து பிடிச்சா பிசி547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என்3904க்கு அப்படியே தலைகீழ், எமிட்டர், பேஸ், கலெக்டர். பேஸ் நடுவுலயே இருக்கறதால பாதி வேலை செய்யும், அதுதான் ஆளைக் குழப்பறது. திருப்பி மாட்டின டிரான்சிஸ்டருக்கு கெயின் (பேஸ் கரண்டை எத்தனை மடங்கு பெருக்குதுங்கறது) ரொம்ப ரொம்ப கம்மி, அதனால மங்கல். இதே தப்பை 12 வோல்ட்ல பண்ணா எமிட்டர் பேஸ் ஜங்ஷன் தாங்கற 6 வோல்ட்டைத் தாண்டிடும், ஆஃப் பண்ணாலும் லேசா எரிஞ்சுகிட்டே இருக்கும். சந்தேகம்னா மீட்டர்ல கெயின் அளக்கற எச்எஃப்இ ஓட்டை இருக்குல்ல, அதுல போட்டுப் பாருங்க, சரியா போட்டா நூத்துக்கணக்குல வரும், திருப்பிப் போட்டா ரொம்ப சின்ன நம்பர்.

பேஸ் ரெசிஸ்டர் கணக்கும் சொல்லிடறேன், கலெக்டர் கரண்டுல, அதாவது எல்இடி வழியா போற கரண்டுல, பத்துல ஒரு பங்கு பேஸுக்குப் போகட்டும். 5 வோல்ட்டுக்கு 1கே போட்டா 4.3 மில்லி ஆம்ப், 3.3 வோல்ட்டுக்கு 2.6, ஒரு எல்இடிக்கு தாராளம். பழுப்பு கருப்பு சிவப்பு 1கே, மூணாவது பட்டை மஞ்சள்னா அது 100கே, டியூப்லைட் வெளிச்சத்துல அவசரமா எடுத்தா மாறிப் போகும்.

12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டணும்னா பிசி547 வேண்டாம், அது 100 மில்லி ஆம்புக்கு மேல தாங்காது, மாஸ்ஃபெட்டுக்குப் போங்க (அதிக கரண்ட் தாங்கற இன்னொரு வகை டிரான்சிஸ்டர், பேஸுக்குப் பதிலா இதுல கேட்). ஆனா கடையில ஈஸியா கிடைக்குதுன்னு ஐஆர்எஃப்இசட்44என் வாங்கிடாதீங்க, அது முழுசா திறக்க கேட்ல 10 வோல்ட் வேணும், 5 வோல்ட்ல அரைகுறையா திறந்து சூடாகும், 3.3ல கேக்கவே வேண்டாம். அர்டுயினோவுக்கு ஐஆர்எல்இசட்44என்னு அந்த "எல்" எழுத்தைப் பாத்து வாங்குங்க. கேட்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே, இல்லன்னா போர்டு பூட் ஆகறப்ப ஸ்ட்ரிப் தானா மின்னும். 12 வோல்ட் அடாப்டரோட மைனஸும் அர்டுயினோ கிரவுண்டும் ஒண்ணா சேர்ந்திருக்கணும், எல்லாம் சரியா இருந்தும் ஸ்ட்ரிப் செத்த மாதிரி கிடந்தா நான் முதல்ல தேடறது இந்த ஒத்தை வயரைத்தான்.