உப்புக்காற்றில் செபஸ்தியார் சுரூபம்: திருவிழாவுக்கு முன் செப்பனிடும் முறை

ஜனவரி 20, அம்பு தைத்தபடி மரத்தில் கட்டுண்டு நிற்கும் வேதசாட்சி செபஸ்தியாரின் திருவிழா. கொடியேற்றத்துக்கு நாலு நாள் முன்பு சுரூபத்தை (சிலையை) இறக்கி வண்ணம் அடித்தால், ராமநாதபுரம் கடற்கரையில் அது பாஸ்கா (ஈஸ்டர்) வரைக்கும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைச் சுண்ணச்சாந்து உள்ளே வாங்கி வைத்திருக்கும். மேலே எனாமல் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல், வண்ணம் தாள் தாளாக உரிந்து வரும். அதனால் டிசம்பர் நடுவிலேயே இறக்கிவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், விரிசல் விடும். மின்விசிறி ஓடும் அறையில் இரண்டு வாரம் நிற்கட்டும். காயக் காய மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றித் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். தட்டியபின் இரண்டு மூன்று நாள் பூக்காமல் இருந்தால் சாந்து தயார்.

அடுத்தது அம்புகள். பழைய சுரூபங்களில் இரும்பாணியை அம்பாகச் செருகியிருப்பார்கள். துரு ஏறினால் இரும்பு பருக்கும், சுற்றியுள்ள சாந்து பிளக்கும், பழுப்புக் கறை கீழே வடியும். அதை ரத்தம் என்று சொல்லி ஊரைக் கூட்டுகிறவர்களும் உண்டு. ஆணியைப் பிடுங்காதீர்கள், மார்போடு பெயர்ந்து வரும். குறடால் பிடித்து மெல்லத் திருகி எடுங்கள். துளையைக் கைத்துரப்பணத்தால் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சீராக்கி, மெல்லிய பித்தளைக் குழாய்த் துண்டை எம்-சீல் வைத்துப் பதியுங்கள். மறுநாள் வரை தொடக்கூடாது. அம்புக்கு 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும். குழாய்க்குள் வழுக்கிப் போகவேண்டும், ஆடினால் நூல் சுற்றுங்கள். வால்பக்கம் ஒரு விரல்கடை உயர்ந்திருந்தால் தானாக நழுவாது.

எத்தனை அம்பு? கணக்கு எதுவும் இல்லை. முள்ளம்பன்றி போல அம்பு தைத்திருந்தது என்கிறது பழைய சரிதை. அதற்காக இருபது துளை போட்டுச் சாந்தைப் பலவீனமாக்காதீர்கள். இருக்கிற துளைகளே போதும்.

முகத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். செபஸ்தியார் அம்பினால் சாகவில்லை. ரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் ஆட்சியில், அம்பெய்த வில்லாளர்கள் ‘இவர் செத்துவிட்டார்’ என்று விட்டுப்போனவரை ஐரீன் என்ற விதவை எடுத்து ஆற்றினாள் என்பது மரபு. தேறியவர் மன்னன் முன்னால் போய் நின்று கண்டிக்க, பிறகு தடியால் அடித்தே கொன்றார்கள். ஆகவே அம்போடு நிற்பவர் உயிரோடு இருப்பவர். கண் திறந்து மேலே பார்க்க வேண்டும். கண்ணை மூடி, வாயோரம் சிவப்புத் தீட்டுவது சரித்திரத்துக்கே முரண். காயத்தைச் சுற்றி ஒரு பயறளவு செம்மண் நிறம் போதும், சொட்டுச் சொட்டாக வழியவேண்டாம். தாடியில்லாத இளைஞராகத்தான் வேண்டும் என்றும் கட்டாயமில்லை. ரோமில் 7ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்றில் நரைத்த தாடியோடு, உடுத்திய கோலத்தில்தான் நிற்கிறார். பழைய முகம் நன்றாக இருந்தால் மெழுகுப்புகையை மட்டும் உலர்ந்த மல் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். முகத்தைத் திரும்ப எழுதுவது எல்லோருக்கும் கைவராது.

மற்ற இடங்களுக்கு: உரிந்த வண்ணத்தை மட்டும் சுரண்டி, 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, அக்ரிலிக் பிரைமர் ஒரு கை. ஒரு நாள் கழித்து அக்ரிலிக் வண்ணம் மெல்லிசாக இரண்டு கை.

சப்பரத்தில் ஏற்றியபின் பூமாலையை அம்பில் மாட்டிவிடுவார்கள். நனைந்த மாலையின் கனத்தில்தான் முக்கால்வாசி அம்பு ஒடிகிறது. அவரைக் கட்டியிருக்கும் மரத்தின் பின்பக்கம் கொக்கி ஒன்று வைத்து மாலையை அதில் மாட்டச் சொல்லுங்கள். தேங்கிய ஈரம் சாந்தில் படாமல், தோளுக்கும் மாலைக்கும் நடுவே காய்ந்த பனையோலை நறுக்கைச் செருகலாம். தெருவில் கேபிள் ஒயர் தாழ்ந்திருக்கும் இடத்தில் அம்பைக் கழற்றி உபதேசியார் (கோயிலில் வேதபாடம் சொல்பவர்) கையில் கொடுத்துவிட்டு, தாண்டியதும் மாட்டிக்கொள்ளலாம். பவனி முடிந்த இரவே உருவி, தேங்காயெண்ணெய் தடவி, பழைய வேட்டித்துணியில் சுற்றி வையுங்கள். உப்புக்காற்றில் பித்தளையும் பச்சை பூக்கும்.